கால்விரலுக்குப் போட்ட மாத்திரை

தங்கச்சிமடம் கடைத்தெருவில்
என் கிளினிக்குக்குப் பதினேழு படி.
வாடகை குறைவென்று மாடியை எடுத்தேன்.
பல்வலிக்கு முழங்காலும் தேவைப்படும் என்பது
அன்றைக்குத் தோன்றவில்லை.

நண்டுக் கம்பெனி லியோன்
ஆறாவது படியில் உட்கார்ந்துவிட்டார்.
வலது பெருவிரல்
வெந்த நண்டோட்டின் நிறம்.
காற்றில் வேட்டி நுனி உரசினாலே
யேசுவே என்கிறார்.
காலில் ஒரு செருப்பு,
மற்றது கையில்.

வந்தது விரலுக்காக அல்ல.
இடது கீழ்க் கடைவாய்.

நான் இறங்கி வந்தேன்
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு,
ராத்திரி ஓதத்தில் நண்டு தேடப் போகிறவளைப் போல.
டியூஷன் பிள்ளைகள் ஒதுங்கி ஏற
அவர் வாயைத் திறந்தார்.

கன்னம் எப்ப வீங்கிச்சு?
நேத்துத்தான்.
பல்லு வலிச்சு எத்தனை நாளாச்சு?
வலிக்கவே இல்லையே டாக்டர்.

மூன்று வாரமாக மாத்திரை.
விரலுக்கு.
மெடிக்கலில் வாயால் கேட்டு வாங்கியது,
காலையில் ஒன்று, ராத்திரி இரண்டு,
ஏலம் இருக்கிற நாளில் மத்தியானமும்.

விரலுக்குப் போட்ட மாத்திரை
விரலோடு நின்றுவிடுமா?
ரத்தம் போகிற வழியெல்லாம் போய்
நடுவில் அலறிக்கொண்டிருந்த பல்லையும்
வாய்பொத்தி உட்காரவைத்திருக்கிறது.
கேட்க ஆளில்லாத இடத்தில்
சீழ் தன்பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது.

பல்லில் படிவதைக் காரை என்போம்,
சுரண்டி எடுத்துத் தட்டில் காட்டுவேன்.
விரல் மூட்டில் ஊசிஊசியாய் நிற்பதற்கு
என் கருவி எட்டாது.
சீழை மட்டும் இன்றைக்கு இறக்கலாம்,
பல்லை இப்போது பிடுங்க வேண்டாம்,
இத்தனை மாத்திரைக்கு ரத்தம் லேசில் நிற்காது,
முதலில் கிட்னிக்கு ஒரு டெஸ்ட்,
ஆஸ்பிரினைத் தொடாதீர்கள் என்றேன்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு
நண்டு? என்றார்.
விற்கலாம் என்றேன்.

அவரைத் தாண்டி ஏறி வந்தாள் ஞானசெல்வம்.
ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து,
சுவரை ஒரு கை, முட்டியை ஒரு கை.
குருசடைப் பக்கம் பாறையில்
மரிக்கொழுந்துப் பாசி பிய்க்கிறவள்.
விரல்களில் சுற்றிய துணி
இன்னும் ஈரம் காயவில்லை.

நாற்காலியைச் சாய்த்தேன், முட்டி நீளவில்லை.
துண்டைச் சுருட்டி அடியில் வைத்தேன்.
பத்து நிமிஷத்துக்கு மேல் திறந்து வைத்தால்
தாடை காதோரம் கிளுக்கென்கிறது.
ஈறு தொட்ட இடமெல்லாம் ரத்தம்.
நன்றாகத் தேய்க்கிறதில்லையா என்று
வழக்கமான பாட்டைத் தொடங்கினேன்.

அவள் பையைத் திறந்து
பிரஷ்ஷை எடுத்துக் காட்டினாள்.
வலை மிதவை ஒன்றை ஓட்டையிட்டுப்
பிடியில் செருகியிருந்தாள்.
பிரஷ்ஷு ஒல்லி டாக்டர்,
கட்டைவிரல் மடங்க மாட்டேங்குது.
போன ஞாயித்துக்கிழமைதான் இது தோணுச்சு,
ஒரு வாரத்துல ஈறு என்னத்தைத் தேறும்?

மேஜையில் என் அச்சடித்த தாள்
மின்விசிறிக்குப் படபடத்தது.
மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு
அதில் ஒரு வரி இல்லை.

பதினான்கு வருஷமாகக் காரை சுரண்டுகிற கை என்னுடையது.
கட்டைவிரல் அடியில் ஒரு வலி,
இரண்டு வருஷமாக டீ டம்ளரை
இரண்டு கையாலும் பிடிக்கிறேன்.
வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.
அவள் கவனித்தாள்.
பையைத் துழாவி
இன்னொரு மிதவை கொடுத்தாள்.
கரையில கிடந்ததுதான், காசு வேண்டாம்.

கருவியில் மாட்ட முடியாது,
கொதியில் உருகிவிடும்.
பேனாவில் மாட்டினேன்.
அதால்தான் லியோனுக்குச் சீட்டு எழுதினேன்.

உங்க எழுத்து இன்னைக்குத்தான் புரியுது என்றார்.
பிறகு படிபடியாக உட்கார்ந்தபடியே இறங்கினார்,
விரல் எதிலும் படாமல்
காலை முன்னால் நீட்டிக்கொண்டு.

கீழே செல்போன் கடை காலியாகிறதாம்.
அட்வான்ஸ் எவ்வளவென்று
நாளைக்குக் கேட்க வேண்டும்.